இரண்டு நீலம், ஒரு மஞ்சள்

காக்காய் வந்தால் கையைத் தட்ட வேண்டும், பக்கத்தில் போகக் கூடாது, அவ்வளவுதான் வேலை. ஐந்து மணி வரைக்கும் இதைக்கூடச் செய்ய முடியாதா ஒரு மனுசனால், முடியும், தாராளமாக முடியும் என்று தண்டபாணி சோற்றுத் தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். நாற்காலி போட வேண்டிய இடத்தைக்கூட வசந்தாமணி காலையிலேயே காட்டிவிட்டுப் போயிருந்தாள், ஹாலுக்கும் பால்கனிக்கும் நடுவே, நிலைக்கு உள்பக்கம். பிளஸ் டூ விடைத்தாள் திருத்தும் முகாம் இன்றைக்குத்தான் ஆரம்பம், அவள் வேதியியல் டீச்சர், போகாமல் இருக்க முடியாது. செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள். “நாலு நாளாப் பாத்துட்டேனுங்க, அந்தக் காக்கா ரெண்டு மணிக்கு மேலதான் வருது. இன்னைக்கு சனிக்கிழமைதானே, நீங்க ஒரு மணிக்கெல்லாம் வந்துருவீங்கல்ல, சாப்ட்டுட்டு இங்க உக்காந்துக்கங்க. வந்துச்சுன்னா கையத் தட்டுங்க. பக்கத்துல மட்டும் போயிறாதீங்க, தாய் பயந்துக்கும்.” சரி என்றார். “சும்மா தலையாட்டாதீங்க. ரெண்டு உசுருங்க.” “சரின்னு சொன்னனல்ல” என்றார். பால்கனியின் இடது மூலையில் கொக்கியில் தொங்கும் மணி பிளாண்ட் தொட்டிக்குள் கொண்டைக்குருவி கூடு கட்டியிருக்கிறது. மூன்று முட்டையில் இரண்டு பொரித்து இன்றைக்கு ஆறாவது நாள். துணி காயப்போடும் கொடியையே குருவிக்கு விட்டுக்கொடுத்துவிட்டு மூன்று வாரமாக ஈரத்துணி வாளியை மொட்டை மாடிக்குத் தூக்கிப் போகிறவள் வசந்தாமணி. அப்படிப்பட்டவள் இந்தக் காவலை உலகத்தில் வேறு யாரிடம் ஒப்படைத்திருந்தாலும் நியாயம். ஊரில் அத்தனை பேர் இருக்க தன்னிடமா கொடுக்க வேண்டும். அவளுக்குத் தெரியாது. அவளுக்கென்ன, யாருக்குமே தெரியாது. முதுகுக்குப் பின்னால் சுவரில் பெரிய சட்டத்துக்குள் அந்தப் படம் மாட்டியிருந்தது. நாற்காலி பால்கனியைப் பார்த்து இருந்ததால் அதைப் பார்க்க வேண்டியதில்லை, இந்த மத்தியானத்தில் நல்ல விஷயம் என்று சொல்ல அது ஒன்றுதான் இருந்தது.

படம் என்றால் ஏதோ ஒரு படம் இல்லை, பரிசு வாங்கிய படம். அதிலும் கொண்டைக்குருவிதான். கூட்டின் விளிம்பில் நின்று இரண்டு இறக்கையையும் விரித்துக் குஞ்சுகளுக்கு மேலே குடை பிடித்திருக்கும், அலகு பாதி திறந்திருக்கும், சாயங்கால வெயில் ஒரு பக்கமாக விழுந்து கண்ணுக்குள் ஒரு பொட்டு வெளிச்சம் நிற்கும். தலைப்பு ‘தாய்மை’. தலைப்பு வைத்தவரும் இவர்தான், கொஞ்சமும் கூச்சப்படாமல். வீட்டுக்கு வருகிறவர்கள் காப்பி டம்ளரோடு அதன் முன்னால் போய் நின்று, எப்படி அணைச்சுக்குது பாருங்க என்பார்கள். பரிசு கொடுத்த நடுவர் ஒரு படி மேலே போய், பாடிக்கொண்டே அணைக்கிறாள் என்று மேடையில் சொன்னார். தண்டபாணி அப்போது கையைக் கட்டிக்கொண்டு சிரித்தார். சிரித்ததை யாரோ படம் எடுத்திருக்கிறார்கள், அதுவும் இருக்கிறது எங்கேயோ. ‘தாய்மை’யை எடுத்துப் பதினான்கு மாதம் ஆயிற்று, அதற்குப் பிறகு அவர் காமிராவில் ஒரு படம்கூட எடுக்கவில்லை. பதினொரு வருசம் அது இல்லாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிந்ததில்லை. பம்பு கம்பெனியில் வரைபடம் போடுகிற வேலை, ஆறு நாளும் ஸ்க்ரூவுக்கும் நட்டுக்கும் கோடு போட்டுவிட்டு ஏழாவது நாள் இருட்டோடு கிளம்பிக் குளத்தங்கரைக்குப் போய், சகதியில் முழங்காலை ஊன்றி, முதல் வெளிச்சம் தண்ணீரில் இறங்குவதற்காகக் காத்திருக்கும்போதுதான் தான் உயிரோடு இருப்பதாகவே அவருக்குத் தோன்றும். ஒரு நீர்க்காகம் இறக்கையைக் காயப்போட்டுக்கொண்டு நிற்பதைப் பார்த்து அழுதிருக்கிறார், வெளியே சொன்னால் சிரிப்பார்கள். அதெல்லாம் இப்போது யாருக்கோ நடந்தது. ஏன் எடுப்பதில்லை என்று கேட்டவர்களிடம் கழுத்து வலி என்றார், வேலை அதிகம் என்றார், வெள்ளெழுத்து வந்துவிட்டது என்றார், மூன்றையும் ஒரே ஆளிடம் சொல்லி மாட்டிக்கொண்டதும் உண்டு. பொங்கலுக்கு மச்சினன் வீட்டில் கட்டாயப்படுத்திக் கையில் கொடுத்தார்கள். கண்ணில் வைத்தார், மாட்டுக்கு மாலை போடுகிற குழந்தை அதற்குள்ளே தெரிந்தது, விரல் அழுத்தவில்லை. பயமாக இருந்தது. அந்தச் சின்னக் கட்டத்துக்குள் வைத்துப் பார்த்ததற்கெல்லாம் ஏதாவது ஆகிவிடும் என்று பயம். பேட்டரி தீர்ந்துவிட்டது என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். பேட்டரி தீரவில்லை. வசந்தாமணி மாதம் ஒருதரம் எடுத்து சார்ஜ் போட்டுத் திரும்ப வைத்துவிடுகிறாள், ஒரு வார்த்தை கேட்காமல். அவள் கேட்டிருந்தால் பரவாயில்லை.

போன் அடித்தது. குஞ்சுகள் பயந்துவிடப் போகின்றன என்று பதறி எடுத்தார். ஷாஜஹான். உதிரி பாகக் கடை வைத்திருக்கிறவர், போட்டோ குழுவுக்குச் செயலாளர், குளத்தங்கரையில் எத்தனையோ விடியல்களில் இவருக்குப் பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தவர். “அண்ணா, நல்லா இருக்கீங்ளா? ஆளையே காணோம்.” இருக்கேன் தம்பி என்றார் தண்டபாணி, குரலை இறக்கி. “ஏன் மெதுவாப் பேசறீங்க, தூங்கிட்டு இருந்தீங்ளா?” “இல்லப்பா, இங்க ஒரு கூடு.” “பாத்தீங்ளா, உங்களத் தேடி அதுகளே வருது. அண்ணா, ஒரே விசயந்தான். அடுத்த மாசம் கண்காட்சி வைக்கிறமில்ல, வாசல்லயே உங்க தாய்மையை அஞ்சடிக்குப் போடறோம். ஒரிஜினல அனுப்பி விடுங்க. அப்புறம் எப்படி எடுத்தீங்கன்னு ரெண்டு வரி, புதுசா வர்றவங்களுக்கு உபயோகமா இருக்கும்.” எப்படி எடுத்தேன் என்று ரெண்டு வரி. அனுப்பறேன் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். ஏன் சரி என்றார்? வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம் வேண்டும், காரணம் தேட ஒரு நிமிசம் வேண்டும், சரி என்பதற்கு ஒன்றும் வேண்டாம். எப்போதும் இப்படித்தான். ஐந்தடியில் குருவி. கண் இத்தனை பெரிதாக இருக்கும். அலகுக்குள் நாக்குக்கூடத் தெரியும். தெரிந்தவன் எவனாவது ஒருத்தன் வந்து நின்று பார்த்தால் போதும், ஒரு நிமிசத்தில் கண்டுபிடித்துவிடுவான். கண்டுபிடித்தால்கூட நல்லது என்று ஒரு எண்ணம் ஓடியது. எப்படியும் அவர் தவறாக ஒன்றும் அனுப்பவில்லை, எடுத்தது சனிக்கிழமை, அன்றைக்கே சாயங்காலம் போட்டிக்கு அனுப்பியாகிவிட்டது, அதற்குப் பிறகு நடந்ததற்கும் படத்துக்கும் என்ன சம்பந்தம். சனிக்கிழமையே அனுப்பிவிட்டேன். இதை அவர் பதினான்கு மாதமாகச் சொல்லிவருகிறார், பல் தேய்க்கும்போது, பஸ்ஸில், வரைபடத்துக்கு முன்னால்.

தாய்க்குருவி வந்தது. கம்பியில் உட்கார்ந்து இவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தொட்டிக்குள் குனிந்தது, இரண்டு வாய்கள் நடுங்கிக்கொண்டு மேலே எழும்பின, எதையோ திணித்துவிட்டுப் பறந்தது. நல்லபடியாகத்தான் நடக்கிறது. ஹால் ஏன் இன்றைக்கு இவ்வளவு வெளிச்சமாக இருக்கிறது என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. வந்ததிலிருந்தே இருந்த வெளிச்சம், டிவியின் தூசிகூடத் தெரிந்தது, ஆனால் அவர் கவனிக்கவில்லை. பதினான்கு மாதமாக வெளிச்சத்தைக் கவனிக்காமல் இருக்க அவர் பழகிக்கொண்டிருந்தார். முன்பெல்லாம் எந்த அறைக்குள் நுழைந்தாலும் சன்னல் எந்தப் பக்கம், நிழல் எவ்வளவு மெத்தென்று விழுகிறது என்றுதான் முதலில் பார்ப்பார், அதற்குப் பிறகுதான் மனிதர்கள். சாவு வீட்டிலும் அப்படித்தான் பார்த்திருக்கிறார். இப்போது கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தார். பக்கத்து மனையின் வேப்பமரம், பால்கனிக்கு மேல் கவிந்திருந்த அந்தக் கை போன்ற பெரிய கிளை, இல்லை. வெட்டின இடம் வெள்ளையாகத் தெரிந்தது. மின்சாரக் கம்பிக்காகக் காலையில் வந்து வெட்டியிருப்பார்கள், கீழே தழையை இன்னும் அள்ளவில்லை. சரி, கம்பியில் பட்டால் வெட்டத்தான் செய்வார்கள். மேற்குப் பார்த்த பால்கனி. ஏப்ரல் மாசம். மணி இரண்டே முக்கால். தரையில் வெயிலின் ஓரம் கம்பி நிழலோடு சேர்ந்து முதல் டைல்ஸில் கிடந்தது. அவர் பார்க்க வேண்டாம் என்றுதான் நினைத்தார், கண் அதுபாட்டுக்குக் கோடு போட்டுவிட்டது. கூரையின் விளிம்பு, தொட்டியின் உயரம், சூரியன் இறங்குகிற சாய்வு. பதினொரு வருசம் வெளிச்சம் எங்கே எப்போது வந்து விழும் என்று கணக்குப் போட்டே வாழ்ந்தவர், அதில் அவர் ஐந்து நிமிசத்துக்கு மேல் பிசகியதே இல்லை. மூன்றே கால். மூன்றே காலுக்கு வெயில் தொட்டியைத் தொடும். தொட்டால் ஐந்தரை வரைக்கும் நகராது.

மூன்றே கால் என்றால் இன்னும் அரை மணி நேரம் இருக்கிறது. இருக்கட்டும், மணி பிளாண்ட் இலை இருக்கிறதே, ஒன்றும் ஆகாது, காட்டில் எந்தக் குருவிக்கு யார் பந்தல் போட்டார்கள். பக்கத்தில் போகக் கூடாது. அவளே சொல்லியிருக்கிறாள், பக்கத்தில் போகக் கூடாது என்று. கையைத் தட்டுவதுதான் வேலை. இந்தக் கை கூட்டுப் பக்கம் போனால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். கம்பெனியில் ஜெனரேட்டர் கொட்டகைக்குப் பின்னால் அந்த மருதாணிப் புதர் அப்படியொன்றும் பெரிதில்லை, மார்பளவுதான், அதற்குள் குருவி அவ்வளவு பத்திரமாகக் கூடு கட்டியிருந்தது, இலையை விலக்கினால்தான் தெரியும். விலக்கினார். எல்லோரும் செய்வதுதான், குழுவில் எத்தனையோ பேர் கத்தரிக்கோலே கொண்டுபோவார்கள், அவர் ஒரு இலையைக்கூட வெட்டவில்லை. வீட்டுக் கொடியிலிருந்து மூன்று துணி கிளிப்புகளைப் பையில் போட்டுக்கொண்டு போனார், இரண்டு நீலம், ஒரு மஞ்சள். கிளைகளை ஒன்றோடொன்று சேர்த்து ஒதுக்கிக் கிளிப்பு மாட்டினார். படம் எடுத்து முடிந்ததும் கிளிப்பைக் கழற்றிவிட்டால் புதர் பழையபடி மூடிக்கொள்ளும், குருவிக்கு ஒரு தீங்கும் இல்லை, இந்த யோசனைக்காகத் தன்னையே மெச்சிக்கொண்டார். சனிக்கிழமை, அரை நாள் வேலை, எல்லோரும் போன பிறகு. வெயில் மேற்கிலிருந்து வந்து கூட்டுக்குள் நேராக இறங்கியது. மூன்று குஞ்சு. தாய் வந்து நின்று இறக்கையை விரித்தது. அவருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது, நூற்று நாற்பது படம், அத்தனையும் அந்த ஒரு நிலை, அசையவே இல்லை அது, தனக்காகவே நிற்கிறது என்று நினைத்தார். வெளிச்சம் போனது, மணியைப் பார்த்தார், ஐந்து பத்து டவுன் பஸ், ஓடினார். கிளிப்பு கழற்றவில்லை. மறந்துவிட்டார். மறதி யாருக்கு வராது. மனுசன்தானே. மறதிதான் என்றால் பதினான்கு மாதம் தூங்காமல் இருப்பானா ஒருத்தன்.

காக்காய் வந்துவிட்டது. வெட்டுப்பட்ட கிளையின் மொட்டை முனையில் உட்கார்ந்து தலையைச் சாய்த்துத் தொட்டியைப் பார்த்தது. எழுந்து கையைத் தட்டினார், போகவில்லை, இன்னும் பலமாகத் தட்டினார், வேண்டாவெறுப்பாக எழுந்து எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் போனது. உள்ளங்கை எரிந்தது. ஒரு வேலையை ஒழுங்காகச் செய்ததில் அவருக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. திரும்பி உட்காரப் போகும்போது தொட்டியின் விளிம்பில் வெயில் ஒரு விரற்கடை ஏறியிருந்தது. மணி மூன்று பதினாறு. ஒரு நிமிசம்தான் பிசகு. இப்படியெல்லாம் சரியாக வந்து என்ன புண்ணியம். வெயில் இலை இலையாக இறங்கிக் கூட்டுக்குள் போனது. தாய் வந்தது, வாயில் பூச்சியோடு. ஊட்டவில்லை. பூச்சியை விழுங்கிவிட்டு விளிம்பில் ஏறி நின்று, வெயிலுக்கு முதுகைக் கொடுத்து, இரண்டு இறக்கையையும் விரித்தது. அலகைத் திறந்தது. தொண்டை வேகமாக அடித்துக்கொண்டது. தண்டபாணி நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். முதுகுக்குப் பின்னால் சுவரில் இருப்பது முன்னால் பால்கனியில் நின்றது, அதே முதுகு, அதே இறக்கை, அதே அலகு. அணைக்கவில்லை, பாடவில்லை. வெந்துபோகாமல் மறைத்துக்கொண்டு மூச்சு வாங்குகிறது. அன்றைக்கும் அதுதான். அன்றைக்கே அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், தெரியும், அவருக்கு அன்றைக்கே தெரியும், குருவிகளைப் பதினொரு வருசம் பார்த்தவனுக்கு அலகு திறந்திருப்பது எதற்கென்று தெரியாமலா இருக்கும். நூற்று நாற்பது முறை அதைத் தாங்கச் சொல்லிவிட்டு நின்றார். அதற்கு இறங்கிப் போய்த் தண்ணீர் குடிக்கக்கூட முடியாமல் வைத்திருந்ததற்குத்தான் தாய்மை என்று பெயர் வைத்தார்.

எதையாவது மறைப்புக் கட்ட வேண்டும். பக்கத்தில் போகக் கூடாது. கட்டாவிட்டால் ஒன்றரை மணி நேரத்தில் செத்துப்போகும், போனால் தாய் விட்டுவிட்டுப் போய்விடும், எது செய்தாலும் இவர் கையால்தான். அறைக்குள் ஓடிப் பீரோவிலிருந்து ஒரு பழைய நாலு முழ வேட்டியை உருவிக்கொண்டு வந்தார். பால்கனியின் வெளி ஓரத்தில் துணிக்கொடி வெறுமனே இருந்தது, அதில் தொங்கவிட்டால் தொட்டிக்கு நிழல் விழும். வீசிப் போட்டார். தாய் அலறிக்கொண்டு பறந்தது. அதே நேரத்தில் மேற்கேயிருந்து பாலக்காட்டுக் காற்று கிளம்பியது, தினமும் இந்நேரத்துக்குக் கிளம்புவதுதான், வேட்டி உப்பி உள்பக்கமாகப் புரண்டு தொட்டியைத் தட்டியது, தொட்டி ஆடியது, கூட்டுக்குள்ளிருந்து சத்தமே இல்லை. இழுத்துப் பிடித்துக்கொண்டார். கிளிப்பு வேண்டும். கிளிப்பெல்லாம் கூடையோடு மொட்டை மாடியில், மாடிச் சாவி வசந்தாமணியின் கைப்பையில், இன்னொரு சாவி மேல்வீட்டு சரோஜினியக்காவிடம். அந்த வீட்டுக் கதவைத் தட்டி வேறு எதை வேண்டுமானாலும் கேட்கலாம், கிளிப்பை மட்டும் கேட்க முடியாது. பதினான்கு மாதத்துக்கு முன்னால் மூன்று கிளிப்பு காணாமல்போன விசயத்தில்தான் வசந்தாமணி அந்தம்மாவிடம் ஒரு வார்த்தை விட்டு, அந்தம்மா ஒன்பது வார்த்தை விட்டு, இரண்டு வீட்டுக்கும் பேச்சே நின்றுபோனது. இந்தச் சண்டையை இவர் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். வீட்டில் வேறு எங்கே கிளிப்பு இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். கேள்வியே இல்லை, தெரியும். வேட்டியின் ஒரு முனையைக் கம்பியில் முடிந்துவிட்டுப் போய்க் காமிராப் பையை எடுத்துவந்தார், பொருள்களை வெளியே வைத்தார், காமிரா, லென்ஸ், துடைக்கும் துணி, எல்லாவற்றுக்கும் அடியில் உள்ஜிப்பு. வசந்தாமணி பேட்டரியை எடுப்பாளே தவிர அந்த ஜிப்பைத் திறந்ததில்லை. துருப்பிடித்துத் திறக்கமாட்டேன் என்றது, பிடித்து இழுத்தார். இரண்டு நீலம், ஒரு மஞ்சள். மஞ்சளின் பல்லில் ஒரு மருதாணி இலை கருகி ஒட்டிக்கொண்டிருந்தது.

மூன்றையும் மாட்டினார். வேட்டி விறைப்பாக நின்றது, தொட்டி முழுக்க நிழலுக்குள் வந்தது. பின்வாங்கி நாற்காலிக்கு வந்தார். உட்காராமல் நின்றார். இனி தாய் வர வேண்டும். வரவில்லை. மூன்று ஐம்பது. எங்கேயோ அலறிக்கொண்டிருக்கிறது, கிட்டே வரவில்லை. வேட்டியைக் கண்டு பயப்படுகிறது. எடுத்துவிடலாமா, எடுத்தால் வெயில், வைத்தால் பட்டினி. காக்காய் மறுபடியும் மொட்டைக் கிளைக்கு வந்தது, கையைத் தட்டினார், தட்டியதும் தாயின் சத்தமும் நின்றுபோனது. அதையும் சேர்த்து விரட்டிவிட்டாரா. நாலு. நாலு ஐந்து. கூட்டுக்குள் ஒரு அசைவும் இல்லை, எட்டிப் பார்க்கத் தைரியம் இல்லை. எட்டிப் பார்த்தால் என்ன தெரியும் என்று அவர் கண்ணுக்கு ஏற்கெனவே தெரிந்தது, அந்தத் திங்கட்கிழமை காலை, மருதாணிப் புதருக்குள் இரண்டு குஞ்சுகள் வாயைத் திறந்தபடி, எறும்பு, மூன்றாவதைக் காணவில்லை, கிளிப்பு மாட்டிய கிளைகள் மடங்கிய இடத்தில் வாடிக் கிடந்தன. தாய் வேலி மேல் உட்கார்ந்து வாயில் எதையோ வைத்துக்கொண்டு பார்த்தது. ஊட்ட ஆள் இல்லாமல் வாயிலேயே வைத்திருந்தது. அதற்கும் முந்தின நாள். ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு வசந்தாமணி ஈரக்கையோடு வந்து கேட்டாள், “ஏங்க, மூணு கிளிப்பு காணோம், பாத்தீங்ளா?” அப்போதே ஞாபகம் வந்துவிட்டது. பஸ் இருந்தது. வாட்ச்மேன் திறந்துவிட்டிருப்பார். ஒரு மணி நேரம், போக வர இரண்டு. அவர் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்து அந்தப் படத்தில் இருட்டாக இருந்த நிழலைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளிச்சத்துக்குத் திறந்துகொண்டிருந்தார், குருவியின் கண் அப்போதுதான் மின்ன ஆரம்பித்திருந்தது. எனக்குத் தெரியாது என்றார். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தார். அது மறதி இல்லை. சனிக்கிழமையே அனுப்பிவிட்டேன். இல்லை. ஞாயிற்றுக்கிழமை பூராவும் நிழலைத் திறந்துகொண்டிருந்த படத்தைச் சனிக்கிழமையே எப்படி அனுப்ப முடியும், இந்தச் சின்னக் கணக்குக்கூடப் பதினான்கு மாதமாக அவர் போடவில்லை. திங்கட்கிழமை. புதருக்குப் பின்னால் குழி தோண்டி இரண்டையும் புதைத்துவிட்டு, கிளிப்பு மூன்றையும் கழற்றி எடுத்துக்கொண்டு, கையைக் கழுவிவிட்டு, அன்றைக்குச் சாயங்காலம் ஆறு மணிதான் கடைசி நேரம் என்று மத்தியானச் சாப்பாட்டு வேளையில் ஆபீஸ் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து அனுப்பினார். தலைப்பு என்ற கட்டம் காலியாக இருந்தது. தாய்மை என்று அடித்தார். செத்த பிறகு அடித்தார்.

நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். வந்துவிடு என்றார் வாய்விட்டு. உனக்கு நான் ஒன்றும் செய்யமாட்டேன், வந்துவிடு. சாமியிடம்கூட அவர் இப்படிக் கெஞ்சியதில்லை. நாலு இருபது. வெயில் முழுவதும் வேட்டியின் மேல் அடித்து வேட்டி வெள்ளைவெளேரென்று எரிந்தது, ஒவ்வொரு இழையும் தெரிந்தது. அதில் ஒரு நிழல் வந்து உட்கார்ந்தது. வேட்டிக்கு அந்தப் பக்கம், வெளிக்கம்பியில். கொண்டை, முதுகு, நீண்ட வால், அலகில் தொங்குகிற பூச்சியின் ஒரு கால்கூட. நிழல் இந்தப் பக்கம் திரும்பியது, அந்தப் பக்கம் திரும்பியது. மேலே மூன்று கிளிப்புகள் வரிசையாக, நிழலாக. தண்டபாணி மூச்சை அடக்கினார். கையில் கனமாக இருந்தது, பார்த்தார், காமிரா. எப்போது எடுத்தார் என்று தெரியவில்லை, நாற்காலிக்குப் பக்கத்தில்தான் கிடந்தது. வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே கண்ணில் வைத்தார். அந்தச் சின்னக் கட்டத்துக்குள் நிழல் மட்டும் இருந்தது, குருவி அதற்கு வெளியே பத்திரமாக இருந்தது. விரல் அழுத்தியது. ஒரே ஒரு படம். நிழல் குனிந்தது, கம்பியோரமாகத் தத்தித் தத்தி வேட்டியின் ஓரத்துக்கு வந்து, நிழல் முடிந்த இடத்தில் குருவியாக வெளிப்பட்டு உள்ளே வந்தது. தொட்டிக்குள்ளிருந்து ஒரு வாய் எழுந்தது. ஒன்றுதான். அவர் எண்ணிக்கொண்டே நின்றார், ஒன்று, ஒன்று, ஒன்று. பிறகு இரண்டாவது வாய் நடுங்கிக்கொண்டு மேலே வந்தது, சின்னவன். தண்டபாணி தரையில் உட்கார்ந்து அழுதார். அழுதுகொண்டிருக்கும்போதே, நாளைக்கு இதே நேரத்துக்கு இன்னும் ஓரடி வலப்பக்கம் தள்ளி உட்கார்ந்தால் கிளிப்பின் நிழல் கொண்டையில் இடிக்காது என்று தோன்றியது. தோன்றியதைக் கண்டு பயந்தார், ஆனால் அது போகவில்லை.

வசந்தாமணி ஐந்தேகாலுக்கு வந்தாள். கைப்பையைக்கூட வைக்காமல் நேராக நிலைக்கு வந்து எட்டிப் பார்த்தாள். “இருக்குதுங்ளா ரெண்டும்?” “இருக்குது.” “இதென்ன வேட்டி?” “கிளையை வெட்டிட்டாங்க. வெயில் நேரா விழுந்துச்சு.” அவள் மொட்டைக் கிளையைப் பார்த்தாள், தொட்டியைப் பார்த்தாள். “பரவால்லீங்களே, உங்களுக்குக்கூட இதெல்லாம் தோணுது” என்றாள். தரையில் கிடந்த காமிராவையும் பார்த்தாள், அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை, ஆனால் முகம் மலர்ந்ததை அவர் கவனித்தார். சத்தமில்லாமல் ஒரு எட்டு எடுத்து வைத்துக் கொடியின் பக்கம் கையை உயர்த்தியவள் அப்படியே நின்றாள். ஒரு நீலத்தைத் தொட்டாள். மஞ்சளைத் தொட்டாள். “இது அந்தக் கிளிப்பு” என்றாள். “எங்க இருந்துச்சுங்க?” “காமிராப் பையில.” “பையிலயா? நான் மேல்வீட்டு அக்காவப் போயி…” என்று நிறுத்தினாள். முகத்தில் விழுந்த வெயிலிலிருந்து திரும்பி, கண்ணைச் சுருக்கிக்கொண்டு அவரையே பார்த்தாள். “அங்க எதுக்குங்க போச்சு?”

தண்டபாணி திரும்பிச் சுவரைப் பார்த்தார். படம் இருந்தது. பதினான்கு மாதத்துக்குப் பிறகு அதை நேராகப் பார்த்தார். குருவி அலகைத் திறந்துகொண்டு நின்றது. சமையலறைக்குப் போய் ஸ்டூலைத் தூக்கிவந்து அதற்குக் கீழே போட்டார். ஸ்டூலுக்கு ஒரு கால் குட்டை, எப்போதும் ஆடும்.

“இதைக் கொஞ்சம் பிடிச்சுக்க” என்றார். “அதைக் கழட்டிட்டுச் சொல்றேன்.”